பேர் குறைக்கிற மேடம்

“இதுவரைக்கும் புதுசா எத்தனை உயிரினம் கண்டுபிடிச்சிருக்கீங்க?”

நிரந்தர வேலைக்கான நேர்காணலில் மேடத்திடம் இப்படித்தான் கேட்டார்களாம். எங்கள் துறையில் இதைவிட நல்ல கேள்வி யாருக்கும் அமையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கிவிட்டு எழுந்து வந்துவிடலாம். இந்த மனுஷி சொன்ன பதில்: “ஒண்ணும் இல்லைங்க. கொறச்சது வேணா ஒரு பதினொண்ணு இருக்குங்க.”

எதிரே இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமே இல்லை, குழப்பம்தான் இருந்தது. “அவங்க ஏன் சிரிச்சாங்கன்னுதான் தெரியலைங்க சார்,” என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“ஏன் மேடம், உங்க மேஜை மேல ரெண்டு பாட்டில் கெடக்குதே, வத்தல்மலை ஓடையில புடிச்சது. அது புதுசுதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல?”

“அது புதுசான்னு இன்னும் தெரியாதுங்களே.”

“இத்தனை வருசமாவா தெரியல?”

“ஆம்பள கெடைக்கலைங்க சார்,” என்றார்.

பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த தமிழ்த்துறை நண்பர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அவருக்கு நான்தான் விளக்க வேண்டியிருந்தது. ஆம்பளை என்று மேடம் சொன்னது பூச்சியின் ஆணை. பாட்டிலில் இருந்தவை எல்லாம் பெண். ஆணைக் கண்ணால் பார்க்காமல் பேர் வைக்க மாட்டார்.

அவர் பேரை இங்கே நான் எழுதப்போவதில்லை. பேர் விஷயத்தில் அவரிடம் பட்டது போதும். தர்மபுரியில் நான் விலங்கியல் பாடம் நடத்துகிற கல்லூரிக்குக் கௌரவ விரிவுரையாளராக வந்து, சில வருடம் இருந்துவிட்டுப் போனார். என்னைவிட வயதில் சின்னவர். கர்நாடக எல்லையோரத்துக் கன்னடக் குடும்பம். தமிழ் எங்களைப் போலவே பேசுவார். எதையாவது நம்ப முடியாதபோது மட்டும் “ஹௌதா?” என்று கன்னடத்தில் கேட்பார். அப்படியா என்று அர்த்தம். அவர் வாயில் அது ‘நீ சொல்றதை நான் இன்னும் ஒத்துக்கலை’ என்று கேட்கும். கழுத்தில் கல்லூரி நாடா தொங்கும். அடையாள அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லென்ஸ் தொங்கும். வாட்ச்மேன் அந்த லென்ஸைப் பார்த்துத்தான் அவரை உள்ளே விடுவார்.

அவர் ஆராய்ச்சி செய்தது தண்ணிப்பேனை. செடியில் வருகிற செம்பேன் எல்லா விவசாயிக்கும் தெரியும். மருந்தடித்து ஓய்ந்துபோனவர்கள் இங்கே நிறைய. அதன் பங்காளி ஒன்று தண்ணீரில் இருக்கிறது. குட்டையிலும் ஓடையிலும் கடுகு அளவுக்குச் சிவப்பாக உருண்டு உருண்டு நீந்தும், எட்டுக் கால். சிலந்திக்கும் உண்ணிக்கும் சொந்தம். பாடப்புத்தகத்தில் நன்னீர்ச் சிற்றுண்ணி என்று போட்டிருக்கும், எங்கள் ஊரில் தண்ணிப்பேன். யாரையும் கடிக்காது, யாருக்கும் நோய் கொண்டுவராது. அதனாலேயே அதை யாரும் சட்டை செய்வதில்லை.

ஆனால் பேருக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஒருத்தர் ஒரு ஏரியில் ஆணைப் பிடித்து ஒரு பேர் வைத்திருப்பார். இன்னொருத்தர் வேறு மாநிலத்தில் அதன் பெண்ணைப் பிடித்து வேறொரு பேர் வைத்திருப்பார். மூன்றாமவர் அதன் குஞ்சைப் பிடித்து, புதுசு என்று துள்ளியிருப்பார். கடைசியில் பூச்சி ஒன்று, பேர் மூன்று. இதை எடுத்து வைத்துப் பார்த்து, மூன்றும் ஒன்றுதான் என்று காட்ட வேண்டும். முதலில் வைத்த பேர் நிற்கும், பின்னால் வைத்தவை அதன் அடியில் போய்விடும். அதுதான் விதி. மேடம் செய்ததெல்லாம் இந்த வேலைதான். நாங்களெல்லாம் சேர்த்துக்கொண்டே போனோம், அவர் ஒருத்தர் குறைத்துக்கொண்டே வந்தார்.

புதுப்பேருக்குத்தான் மதிப்பு. பேப்பரில் செய்தி வரும், பதவி உயர்வில் கணக்கில் வரும். குறைத்தவருக்கு யார் மாலை போடுவார்கள்? பேர் பறிபோனவர் போன் போட்டுத் திட்டுவதுதான் மிச்சம். ஒருமுறை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் போனில் கத்தியது ஸ்டாஃப் ரூம் முழுக்கக் கேட்டது. மேடம் காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்குகிற நேரம் பார்த்து, “சார், நீங்க புடிச்சது குஞ்சா இருந்துச்சுங்க,” என்றார். திரும்பவும் கத்தல். திரும்பவும் “குஞ்சுங்க சார்.”

இந்தப் பழக்கம் கல்லூரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காரிமங்கலம் சந்தைக்கு ஒருநாள் அவரோடு போய் நான் பட்ட பாடு இருக்கிறதே! ஒரு அம்மா அவரைக்காயும் மொச்சையும் பக்கம் பக்கமாகக் குவித்து வைத்திருந்தார். மேடம் குனிந்து இரண்டையும் எடுத்தார். கழுத்து லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

“ஏங்க, இது ரெண்டும் ஒரே செடிதானுங்களே?”

அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார். “எந்த ஊரு கண்ணு நீ? அவரை வேற, மொச்சை வேற.”

“வெளையறதுல வித்தியாசம் இருக்குங்க. ஆனா ஜாதி ஒண்ணுதான்.”

“கொழம்பு வெச்சுப் பாத்திருக்கியா? இது வெக்கிறது ஒரு மாதிரி, அது வெக்கிறது ஒரு மாதிரி. ஒண்ணாம் ஒண்ணு! அப்போ மொச்சை கேட்டு வர்றவங்களுக்கு நான் அவரைய அள்ளிப் போட்டுடட்டுமா?”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். மேடம் கீழே உட்கார்ந்துவிட்டார். இதில் எப்படிக் குழம்பு வைப்பீர்கள், அதில் எப்படி வைப்பீர்கள், எது சீக்கிரம் வேகும், எதை உரிக்க வேண்டும், எதற்கு வாசம் அதிகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மாவும் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சொன்னார். கடைசியில் மேடம் இரண்டிலும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு எழுந்தார். வழியில் என்னிடம், “அவங்க சொல்றதும் சரிதாங்க சார். ஆனாலும் ஒண்ணுதான்,” என்றார். தான் ஜெயித்ததாகவும் நினைக்கவில்லை, தோற்றதாகவும் நினைக்கவில்லை. மறுவாரம் போனபோது அந்த அம்மா இவருக்கென்று வாசமுள்ள மொச்சையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். வராமல் முடியாது.

என் ஊர் பென்னாகரம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் நடுவில் ஒரு குட்டை. மழை பெய்தால் தை, மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும். மேடம் எங்கள் கல்லூரிக்கு வருவதற்கு முன்னாலேயே அந்தக் குட்டையிலிருந்து ஒரு தண்ணிப்பேனைப் பிடித்து, இது புதிய இனம் என்று நான் கட்டுரை எழுதியிருந்தேன். அதற்கு என் ஊரின் பேரையே வைத்தேன். வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. லத்தீன் எழுத்தில் என் ஊர்ப்பேரைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் அத்தனை தடவை எடுத்துப் பார்க்கவில்லை.

ஊர் அதை என்னைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டது. பஞ்சாயத்துத் தலைவர் பஸ் நிற்கிற இடத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தார். தண்ணிப்பேனின் போட்டோவை எருமை அளவுக்குப் பெரிதாக்கி, அதன் ஒரு பக்கம் தலைவர் கும்பிட, மறுபக்கம் நான் கும்பிட, மேலே ‘உலகிலேயே எங்கள் ஊரில் மட்டும்’. பொங்கலுக்கு மாடு கழுவப் போகிறவர்கள் குட்டை ஓரத்தில் ஒரு சூடம் கொளுத்தி வைத்தார்கள். பேனுக்குச் சூடமா என்று கேட்டால், “உலகத்துலயே இல்லாததுன்னா சும்மாவா?” என்றார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அப்போதுதான் ஊருக்குச் சமுதாயக்கூடம் வருகிறது என்று பேச்சு கிளம்பியது. நல்ல விஷயம்தான். ஆனால் இடம் எங்கே? புறம்போக்கு என்று இருப்பது குட்டை ஒன்றுதான், மூடிக் கட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பெரும்பாலான ஆட்களுக்கு மனசில்லை. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தார்கள். மனுவை எழுதியவர் தலைவர். உலகில் வேறெங்கும் இல்லாத அரிய உயிர் இந்தக் குட்டையில் மட்டும் வாழ்கிறது, அதனால் குட்டையை மூடக்கூடாது. இவ்வளவுதான் மனுவில் இருந்தது. குடியரசு தினத்துக்குக் கூடும் கிராம சபையில் பேசி முடிவெடுங்கள், அதிகாரி ஒருவர் வந்து கேட்பார் என்று பதில் வந்தது.

அந்தக் குளிர்காலத்தில் மேடம் ஒருநாள் என் மேஜை அருகே வந்து நின்றார். “சார், உங்க ஊரு குட்டைய ஒரு நாள் பாக்க வரட்டுங்களா?”

அவர் வந்து பார்த்த எதுவும் இரண்டாக மிஞ்சியதில்லை. “எதுக்கு மேடம்?” என்றேன்.

“உங்களுது எல்லாமே பொம்பளைங்க. ரொம்ப நாள் முந்தி இன்னொருத்தர் வடக்க ஒரு ஏரியில புடிச்சது எல்லாமே ஆம்பளைங்க. அவரு பொம்பளைய பாக்கல, நீங்க ஆம்பளைய பாக்கல. ரெண்டு பேரும் வேற வேற பேரு வெச்சிருக்கீங்க.”

“அதுக்கு வால் இருக்குது மேடம்! என்னுதுக்கு வாலே இல்ல, உருண்டை.”

“ஆமாங்க. இந்தக் கூட்டத்துல ஆம்பளைக்குத்தான் வால் இருக்கும்,” என்றார் அமைதியாக. அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் வேறு வேறு இனம் என்று நான் நம்பினேன். இன்னும் கொஞ்ச நாள் நம்ப ஆசைப்பட்டேன்.

காணும் பொங்கலன்று வந்தார். சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். நீளக் கழியின் முனையில் டீ வடிகட்டி ஒன்றைக் கட்டி, அதைப் பாசிக்குள் விட்டு அலசுவார். வெள்ளைப் பீங்கான் தட்டில் கொட்டுவார். சிவப்பாக ஓடுகிறவற்றை இங்க் ஃபில்லரால் உறிஞ்சிக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டுவிட்டு, லென்ஸோடு அதன் மேல் கவிழ்ந்துகொள்வார். வாலுள்ளதும் கிடைத்தது, வால் இல்லாததும் கிடைத்தது. “இதனால ஒண்ணும் ஆவாதுங்க. ரெண்டு இனமும் ஒரே குட்டையில இருக்கலாம்ல,” என்று அவரே சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னார். இந்தப் பூச்சிகளில் ஆணும் பெண்ணும் சேரும்போது, ஆண் தன் வாலில் பெண்ணை ஒட்டவைத்துச் சுமந்துகொண்டு திரியும். அப்படி ஒரு ஜோடி கிடைத்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

நானும் உட்கார்ந்தேன். ஜோடி கிடைக்கக்கூடாது என்பதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் குனிந்து பார்க்க ஆரம்பித்தால் அது வேறு உலகம். ஒன்று பாசித் துணுக்கைத் தள்ளிக்கொண்டு போகிறது, ஒன்று இன்னொன்றின் மேல் மோதிவிட்டுத் திரும்புகிறது, ஒன்று சும்மா நின்று காலாட்டுகிறது. கட்டுரை எழுதிய நாளில் நான் இவற்றை உயிரோடு இத்தனை நேரம் பார்த்ததே இல்லை. ஸ்பிரிட்டில் போட்டுத்தான் பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. யார் பேர், எந்தப் பேர் என்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோய், இது ஏன் இப்படிப் போகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடு மேய்க்கிற எங்கள் அண்ணி, பங்காளி வீட்டுப் பெரியண்ணன் சம்சாரம், ஆடுகளைத் தண்ணிக்கு ஓட்டி வந்தவர் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏன் தம்பி, காலேசு வாத்தியாருங்க ரெண்டு பேரும் நல்ல நாளும் அதுவுமா கிண்ணத்துல என்ன தேடறீங்க?”

“சும்மா இருங்கண்ணி,” என்றேன் தலையைத் தூக்காமல். அப்போது கிண்ணத்தின் ஓரத்தில் ஒன்று கோணலாக நீந்தி வந்தது. ஒன்று இல்லை, இரண்டு. வாலுள்ளவன் முன்னால் போகிறான். அவன் வால் நுனியில், அசையாமல் ஒட்டிக்கொண்டு, என் உருண்டை. என் ஊர்ப்பேர் கொண்ட என் உருண்டை.

“மேடம்! ஏறியிருக்குது! சுமந்துட்டுப் போறான் மேடம்!” என்று குட்டையே அதிரக் கத்தியவன் நான்தான். ஆடுகள் மிரண்டு ஓடின. அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, “இதுக்கா இத்தனை கூச்சல், அட கருமமே!” என்று சிரித்தார். மேடம் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். “ஹௌதா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு லென்ஸை என்னிடம் கொடுத்தார். நானும் பார்த்தேன். சந்தேகமே இல்லை. பார்த்து முடித்த பிறகுதான் எனக்குக் குட்டை ஞாபகம் வந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவரிடம் கெஞ்சினேன். “மேடம், கிராம சபை முடியற வரைக்கும் இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். வடக்க இருக்கற பூச்சிதான் இங்கயும் இருக்குதுன்னு தெரிஞ்சா, உலகத்துலயே இங்க மட்டும்னு சொன்னது போச்சு. குட்டைய மூடிருவாங்க.”

அவர் ஃப்ளெக்ஸில் இருந்த எங்களைப் பார்த்தார், பேனைப் பார்த்தார். “நான் எதுவும் சொல்ல மாட்டங்க சார். அது நீங்க வெச்ச பேரு. மொதல்ல சொல்ல வேண்டியது நீங்கதான். நீங்க சொல்லாத வரைக்கும் நான் கட்டுரை எழுதவும் மாட்டேன்.”

இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. குட்டையைப் பற்றி இவருக்கென்ன, இவர் ஊரா, இவர் மாடா என்று வீட்டில் புலம்பினேன். என் மனைவி, “அவங்கதான் ஒண்ணும் சொல்லலையே, அப்புறம் எதுக்கு அவங்களத் திட்டறீங்க?” என்று கேட்டாள்.

கிராம சபையன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு, பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஊர் கூடியது. வட்டார அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். மேடமும் வந்திருந்தார், ஜோடியைப் பார்த்த நாளிலிருந்து அவரால் அந்தக் குட்டையை விட்டு இருக்க முடியவில்லை, இந்தப் பத்து நாளில் பாதி அங்கேதான். கடைசி வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், நீங்கதான கண்டுபுடிச்சது? இது இந்தக் குட்டையில மட்டும்தான் இருக்குதுன்னு உங்களால எழுதிக் குடுக்க முடியுங்களா? குடுத்தீங்கன்னா நான் மேல அனுப்பிடறேன், வேலை முடிஞ்சுது.”

தலைவர் என் பக்கம் பேப்பரைத் தள்ளினார். பேனாவையும் திறந்து கொடுத்தார். ஊரே என்னைப் பார்த்தது. நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த குழந்தையின் கையில் ஊர்ந்த எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடிப்பில்லை, நிஜமாகவே எறும்பைத்தான் பார்த்தார். அவர் முறைத்திருந்தால் நான் வீம்புக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்கு அந்தக் கிண்ணத்தில் போன ஜோடிதான் கண்ணுக்குள் வந்தது. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்று எழுதுவது?

“முடியாதுங்க,” என்றேன். “இது புதுசு இல்ல. வடக்க ஒரு ஏரியில இருக்கறதும் இதுவும் ஒண்ணுதான். அதுக்கு அங்கயே பேரு வெச்சுட்டாங்க. நான் பாத்தது அதோட பொம்பளை.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“ஏன் சார், ஊரு மானத்தையே வாங்கிட்டீங்களே! ஃப்ளெக்ஸ் வெச்சமே, சூடம் காட்டுனமே!” என்றார் தலைவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. “அப்போ மூடிற வேண்டியதுதான். நம்மகிட்ட வேற என்ன இருக்குது?” என்று ஒருவர் துண்டை உதறினார்.

“என்ன இருக்குதா?” கடைசி வரிசையிலிருந்து எங்கள் அண்ணி எழுந்தார். “பேனு போனா போவட்டும். என் ஆட்டுக்கு நான் எங்க தண்ணி காட்டறது? உங்க வூட்டு மாட்ட எங்க கழுவறீங்க? குட்டையில தண்ணி நின்னாத்தான் மேக்கால கெணத்துல ஊறுது, அது ஒருத்தருக்கும் தெரியாதா? அதையெல்லாம் மனுவுல எழுதுனீங்களா?”

தலைவர் விழித்தார். “ஆட்டப் பத்தி எழுதுனா ஆபீசர் மதிப்பாங்களான்னு...”

“மனுவுல ஆடே இல்லையா?” என்று அதிகாரியே ஆச்சரியமாகக் கேட்டார். மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல பூச்சி மட்டும்தாங்க இருக்குது. ஆடு, மாடு, கெணறு இதெல்லாம்தானுங்க நான் மொதல்ல பாக்கணும். ஏங்க சொல்லல?”

உலகத்திலேயே இல்லாத ஒன்று கையில் கிடைத்ததும், தினமும் கண்முன்னால் இருப்பதை எழுதவே ஊருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். யார் யார் ஆடு, எந்தெந்தக் கிணறு, எந்த வருடம் குட்டை காய்ந்து என்ன ஆனது என்று சொல்லச் சொல்ல, தீர்மானம் நீண்டுகொண்டே போனது. குட்டையை மூட வேண்டாம், கரையைச் சீர் செய்ய வேண்டும், கூடத்துக்கு ஊர்க்கோடியில் வேறு இடம் பார்க்க வேண்டும் என்று முடித்துக் கையெழுத்து வாங்கினார்கள். அப்படியேதான் நடந்தது. குட்டை இப்போதும் இருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணி மேடத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, அப்போ எங்க ஊரு பேரு போனது போனதுதானா?”

“போவாதுங்க. அந்தப் பழைய பேருக்கு அடியில இருக்கும். இனிமே இந்தப் பூச்சியப் பத்தி யாரு எழுதுனாலும், உங்க ஊரு பேரையும் சொல்லிட்டுத்தான் எழுதணும்.”

அண்ணி கொஞ்சம் யோசித்தார். “கட்டிக் குடுத்துட்டாலும் பொறந்த வூட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிடறாங்களே, அந்த மாதிரி.”

“ஆமாங்க,” என்றார் மேடம். சந்தோஷமாகிவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தர்மபுரிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். குட்டை பிழைத்தது நல்லதுதான், ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. இந்தத் தொழிலில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அது. அதையும் என் வாயாலேயே, என் ஊர் முன்னால், இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பாதி வழியில் மேடம் திடீரென்று, “சார், உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருக்கங்க,” என்றார்.

“இன்னும் எதையாச்சும் கொறைக்கப் போறீங்களா?” என்றேன் கடுப்பாக.

“நான் கொறச்ச பதினொண்ணையும் கண்டுபுடிக்க எனக்கு வருசக்கணக்கா ஆச்சுங்க. பேரு வெச்சவங்க கட்டுரையில வரைஞ்ச படம் ஒண்ணும் சரியா இருக்காது. காலு எத்தனை கட்டுன்னு தெரியாது, மயிரு எங்க மொளைக்குதுன்னு தெரியாது. குத்துமதிப்பா வரைஞ்சிருப்பாங்க. அது எதுன்னே புரியாம, ஒண்ணா வேறயான்னு சொல்ல முடியாம, பேரு மட்டும் கெடக்கும். அத யாராலயும் தொடவும் முடியாது, எடுக்கவும் முடியாது.” என் பக்கம் திரும்பினார். “உங்க கட்டுரையில இருந்த படத்தப் பாத்தங்க. எதையும் நீங்க விடல, எதையும் சேத்துப் போடல. இருந்தது அப்படியே இருந்துச்சு. பாத்த அன்னிக்கே இது அதோட பொம்பளையா இருக்குமோன்னு தோணிருச்சு. இவ்வளவு சுத்தமா வரைஞ்ச ஒருத்தரும் எனக்குக் கெடைக்கலைங்க சார். நீங்க தப்பா வரைஞ்சிருந்தீங்கன்னா உங்க பேரு கடைசி வரைக்கும் நின்னிருக்கும்.”

அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எழுதுங்க மேடம்,” என்றேன், வெளியே பார்த்தபடியே.